பழைய அடுக்குவீடும் அயல்நாட்டுப் பணமும்

திருப்பூரில் பின்னலாடைத் தொழிலால் பொருளீட்டி, பின்னர் அயல்நாடு சென்று குடியேறியோர் தம் ஊரிலும் ஒரு வீடு வேண்டுமென விழைதல் இயல்பே. சிங்கப்பூரில் வாழும் என் தாய்மாமனும் அவ்வாறே விழைந்தார். முப்பதாண்டுகட்குமுன் எழுந்த அடுக்குமாடி ஒன்றில் ஒரு வீட்டிற்கு விலை பேசி முன்பணமும் கொடுத்துவிட்டார். அதன்பின் பத்திரங்களைப் படித்துச் சொல்லும் பொறுப்பு, நன்னூல் படிக்கும் என்மேல் வந்து விழுந்தது. அவ்வாறு அறிந்தவற்றுட் சில ஈண்டுக் கூறுவல்.

முதலிற் கேட்க வேண்டுவது, வாங்குபவர் யார் என்பது. ஜப்பானில் வேற்று நாட்டார் நிலமும் வீடும் முழுவுரிமையாக வாங்கலாம். அங்கே வாழ்தல் வேண்டுமென்ற கட்டாயமும் இல்லை. நம் நாட்டு நியதி வேறு. 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டமும், அதன்கீழ் 2019-இல் வகுக்கப்பட்ட விதிகளும், வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களுக்கும் ஓ.சி.ஐ. அட்டை உடையோர்க்கும் வீடு வாங்க இடந்தருகின்றன. விளைநிலமும் தோட்டமும் பண்ணைவீடும் அவர்களும் விலைக்கு வாங்கலாகாது. இலங்கைக் குடிமக்களாகிய தமிழர்க்கோ, அவ்வட்டை இல்லையேல் ரிசர்வ் வங்கியின் முன்னனுமதி வேண்டும். பணமும் வங்கி வழியே வருதல் வேண்டும். அயல்நாட்டு நாணயத் தாளாகக் கையிற் கொடுத்தல் ஆகாது.

என் மாமன் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுப் பல்லாண்டுகள் ஆயின, அட்டை பெற்றிலர். “பிறந்த ஊரில் வீடு வாங்கவும் அட்டை வேண்டுமா, மாப்பிள்ளை?” என்று தொலைபேசியில் அவர் வினவியபோது எனக்கு விடை எழவில்லை.

இரண்டாவது, வாங்கப்படும் பொருள் யாது என்பது. சுவரும் தளமுமே வீடென்று நாம் எண்ணுகின்றோம். பழைய மாடியிற் சுவரின் மதிப்பு ஆண்டுதோறும் தேயும், நிற்பது நிலமே. அந்நிலத்திற் பத்திரம் நமக்கு அளிக்கும் பங்கே ‘பிரிபடாத பாகம்’ எனப்படும். 12 சென்ட் நிலத்தில் ஒரே அளவான 12 வீடுகள் இருப்பின், வீடொன்றுக்கு ஒரு சென்ட், அதாவது 435.6 சதுர அடி வருதல் முறை. மாமன் பேசிய வீட்டின் பழைய கிரயப் பத்திரத்தில் 310 சதுர அடியே கண்டிருந்தது. ஏனைய வீட்டாரின் பத்திரங்களையும் இரந்து வாங்கிக் கூட்டிப் பார்த்தேன்; நிலத்தின் கால் பங்குக்கு மேல் எவர் பெயரிலும் இல்லை! கட்டியவர் அதனைத் தம்பாலே வைத்துக்கொண்டார் போலும். பின்னாளில் மாடியை இடித்துக் கட்டினால் அவரும் ஒரு பங்காளியாக வந்து நிற்பார். வில்லங்கச் சான்றை மட்டும் பார்ப்பவர்க்கு இது புலப்படாது. கூட்டற்கணக்கு ஒன்றே புலப்படுத்தும்.

மூன்றாவது கட்டடத்தின் நிலை. ஜப்பானியர் 1981-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளை எல்லையாகக் கொண்டு, நில அதிர்ச்சி விதி மாறியதற்கு முன் அனுமதி பெற்றதா பின் பெற்றதா என்று வினவுவர். பழுதுபார்க்கும் நிதிக்கென மாதந்தோறும் ஒரு தொகை திரட்டுதலும் அவர் வழக்கம். நம் மாடியில் அத்தகைய நிதி இல்லை. மேற்றளம் ஒழுகினால் அன்றுதான் வசூல். சாயக்கழிவால் உவர்ப்பேறிய நிலத்தடி நீர் நம் பகுதியில் உண்டாதலின், ஆழ்துளைக் கிணற்று நீரைச் சுவைத்தும், தூண்களில் இரும்புக்கம்பி துருவேறி வெளித்தோன்றுகிறதா என நோக்கியும் அறிதல் நன்று.

இடித்துக் கட்டுதற்கு ஜப்பானில் ஐந்தில் நான்கு பங்கினர் இசைதல் வேண்டுமென்பது நெடுநாளைய விதி. தமிழ்நாட்டில், 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி வந்த 2022-ஆம் ஆண்டின் அடுக்குமாடி உரிமைச் சட்டம் மூன்றில் இரு பங்கினர் இசைவே போதுமென்கிறது. 2024-இல் அது நடைமுறைக்கு வந்தது. அயல்நாட்டிலிருந்து பவர் பத்திரம் அனுப்புவோர், அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்துதல் வேண்டும்.

விற்க வந்தவர் முன்பணத்திற் பாதியைத் திருப்பித் தந்தார். மாமன் அட்டைக்கு விண்ணப்பித்திருக்கின்றார். அடுத்த வீட்டைப் பார்க்கப் போகும்போது கணக்குப் புத்தகத்துடன் வருமாறு எனக்குக் கட்டளை.