நாளைய ஆசிரியரும் வகுப்பறைக் கருவிகளும்

ஆசிரியப் பயிற்சி பெறுவோர் பாடத் திட்டம் எழுதும்போது, 'துணைக் கருவிகள்' என்னும் பகுதியை நிரப்புவது வழக்கம். முன்னாளில் அப்பகுதியில் கரும்பலகை, தேசப்படம், உலக உருண்டை, சுவர்ப்படம் ஆகியவற்றின் பெயர்கள் இடம்பெற்றன. இந்நாளில் அவற்றோடு கணிப்பொறி, மின்பலகை, கைப்பேசி, படம் வீழ்த்தும் புரொஜக்டர் ஆகியனவும் சேர்ந்துவிட்டன. பெயர்கள் பெருகிய போதிலும், அப்பகுதியை நிரப்புவோர் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி மாறிவிடவில்லை. இக்கருவி வகுப்பில் எந்த வேலையைச் செய்யப்போகிறது? ஆசிரியரின் சொல்லும் மாணவரின் கையும் அவ்வேலையைச் செய்ய இயலாதா?

இது ஏட்டுக் கேள்வியன்று. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2024-25-ஆம் ஆண்டுப் புள்ளிவிவரங்களின்படி, நம் நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் ஒரே ஓர் ஆசிரியர்தாம் இருக்கிறார். இன்று பயிற்சி பெறுவோருள் பலர் நாளை அத்தகைய பள்ளிகளுக்குச் செல்லவிருப்பவர்கள். பல வகுப்புகளை ஒருங்கே கவனிக்க வேண்டிய ஆசிரியருக்கு, நல்ல கருவி இரண்டாவது ஆசிரியரைப்போல் உதவும். பொருந்தாத கருவியோ இருக்கிற ஓர் ஆசிரியரின் நேரத்தையும் விழுங்கிவிடும். இவ்வேறுபாட்டை அறிந்துகொள்ள, நம் நாட்டின் அநுபவமே சிறந்த வழிகாட்டியாகும்.

வானிலிருந்து வந்த பாடம்

இந்தியாவில் டெலிவிஷன் ஒளிபரப்பு 1959-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் டில்லியில் சோதனை முறையில் தொடங்கிற்று. 1961-ல் அந்நகரத்து உயர்நிலைப் பள்ளிகளுக்கென்று பாட ஒளிபரப்பும் தொடங்கப்பட்டது. சோதனைச்சாலை வசதி குன்றிய பள்ளிகளின் மாணவர்கள், பௌதிக, ரசாயனப் பரிசோதனைகளைத் திரையிலேனும் காண இதனால் வழி பிறந்தது. ஆயினும், தரையில் நிறுவப்பட்ட ஒளிபரப்பு நிலையம் எட்டக்கூடிய தூரம் சிறிது. நாட்டின் உட்பகுதியிலுள்ள கிராமங்களை எவ்வாறு எட்டுவது?

விண்வெளி ஆராய்ச்சியின் முன்னோடியான டாக்டர் விக்ரம் சாராபாய் இக்கேள்விக்குச் செயற்கைக் கோளில் விடை கண்டார். இந்திய அணுசக்தித் துறையும் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவும் 1969-ல் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. சாராபாய் 1971-ல் காலமானார். எனினும் பணி நிற்கவில்லை. நாசாவின் ஏ.டி.எஸ்-6 என்னும் செயற்கைக் கோள், பூமத்திய ரேகைக்கு மேல் ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு நேர் மேலாக நிறுத்தப்பட்டது. 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை ஓராண்டுக் காலம், ஆந்திரப் பிரதேசம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிஸ்ஸா, ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களைச் சேர்ந்த சுமார் 2,400 கிராமங்களில் அதன் ஒளிபரப்பு நேரடியாகப் பெறப்பட்டது. 'சைட்' என்று சுருக்கமாக வழங்கும் செயற்கைக் கோள் வழிக் கல்வி டெலிவிஷன் பரிசோதனை இதுவேயாகும்.

கிராமங்களில் வைக்கப்பட்ட கருவியின் எளிமை குறிப்பிடத்தக்கது. அலைகளைப் பெறும் ஆன்டெனா, கோழிக்கூடு அடைக்கப் பயன்படும் கம்பி வலையால் ஆனது. மூன்று மீட்டர் விட்டமுள்ள பெரிய கிண்ணம் போன்றது. காலை வேளையில் 5 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடம் ஆகிய நான்கு மொழிகளில், மொழிக்குச் சுமார் 22 நிமிடம் வீதம், நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின.

திரைக்கு வெளியே நடந்தது

நாளைய ஆசிரியர் கருத்தில் கொள்ளவேண்டிய செய்தி இனிமேல்தான் வருகிறது. அவ்வோராண்டில், பள்ளி விடுமுறைக் காலங்களில், ஏறக்குறைய 50,000 ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களுக்கு விஞ்ஞானம் கற்பிக்கும் முறையில் பயிற்சி அளிக்கப்பட்டது. ஒரு தவணைக்கு 12 நாட்கள். இத்தனை பேரை ஒரே நகரத்துக்கு வரவழைப்பது ஆகாத காரியம். எனவே பயிற்சியே அவர்களிருக்கும் இடத்தை நாடிச் சென்றது.

ஆனால், அப்பயிற்சியை வகுத்தோர் டெலிவிஷன் பெட்டியொன்றையே நம்பி இருந்துவிடவில்லை. டெலிவிஷனோடு வானொலி நிகழ்ச்சி, அச்சிட்ட கையேடு, ஆசிரியர்கள் தங்கள் கையாலேயே செய்து பார்க்கவேண்டிய பரிசோதனைகள், கூடியிருந்து விவாதித்தல், அதனை நடத்திவைக்க ஒரு வழிகாட்டி ஆகிய அனைத்தும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருந்தன. 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வந்த படம் பாடத்தின் ஒரு பகுதி மட்டுமே. படம் நின்றபின் ஆசிரியர்கள் தங்களுக்குள் பேசியதும், கையால் செய்து பார்த்ததும் எஞ்சிய பகுதி. இம்முறையில், கருவியின் ஆற்றலைப் போலவே அதன் எல்லையும் உணரப்பட்டிருந்தது.

தீக்குச்சியும் ஒரு கருவியே

அதே காலத்தில் மத்தியப் பிரதேசத்தில் மற்றொரு முயற்சியும் நடைபெற்று வந்தது. இப்போது நர்மதாபுரம் என்று பெயர் மாற்றப்பட்டுள்ள ஹோஷங்காபாத் மாவட்டத்தில், 1972-ல், 16 நடுநிலைப் பள்ளிகளில் அது தொடங்கிற்று. கிஷோர் பாரதி, ரசூலியாவிலுள்ள ஃபிரெண்ட்ஸ் ரூரல் சென்டர் ஆகிய இரு தொண்டு அமைப்புகளும் மாநில அரசின் ஒப்புதலோடு அதனை மேற்கொண்டன. 1978-ல் மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவிய அத்திட்டம், 1982-ல் நிறுவப்பட்ட ஏகலவ்யா என்னும் அமைப்பின் பொறுப்பில் வளர்ந்து, 2002 வரை நடைபெற்றது. அங்கே மாணவர்கள் சிறு குழுக்களாக அமர்ந்து தாங்களே பரிசோதனை செய்தனர், கண்டதை எழுதினர், பிறகு வகுப்பாக விவாதித்து முடிவுக்கு வந்தனர். தேர்வின்போது புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளவும் அவர்களுக்கு அனுமதி இருந்தது. மனப்பாடத்தைச் சோதிக்காத தேர்வில் புத்தகத்தை மூடிவைக்க வேண்டிய தேவை இல்லையன்றோ?

அத்திட்டத்தோடு தொடர்புகொண்டிருந்த அர்விந்த் குப்தா என்னும் பொறியியலாளர் உருவாக்கிய ஒரு கருவியை இங்கே விளக்குவது பொருத்தமாகும். சைக்கிள் வால்வு டியூப்பைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டின் இரு முனைகளிலும் மருந்து நீக்கிய தீக்குச்சிகளைச் செருகினால், வளைந்து கொடுக்கும் மூட்டு ஒன்று கிடைக்கிறது. மூன்று குச்சிகளை மூன்று மூட்டுகளால் இணைத்தால் முக்கோணம். நான்கை இணைத்தால் சதுரம். பிள்ளை அச்சதுரத்தின் மூலையை இலேசாக அழுத்துகிறது. சதுரம் சாய்சதுரமாகச் சரிகிறது. முக்கோணத்தையோ எப்படி அழுத்தினாலும் வடிவம் மாறுவதில்லை. கூரைச் சட்டங்களிலும் இரும்புப் பாலங்களிலும் முக்கோணங்கள் ஏன் நிறைந்திருக்கின்றன என்பதற்கான விடை, அப்பிள்ளையின் விரலுக்கு எட்டிவிடுகிறது. இதைத் திரையில் அழகிய படமாகவும் காட்டலாம். ஆனால் சதுரம் சரிவதையும் முக்கோணம் எதிர்த்து நிற்பதையும் விரல் உணர்வதுபோல் கண் உணராது.

எதைத் திரையில் காட்டலாம்?

அப்படியானால் திரையே வேண்டாமா? அம்முடிவும் தவறாகும். கைக்கு எட்டாதவை பல உள்ளன. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர், அணுக முடியாத எரிமலை, வகுப்பில் செய்தால் அபாயம் விளைவிக்கும் ரசாயன மாற்றம், மிக மெதுவாகவோ மிக விரைவாகவோ நிகழும் நிகழ்ச்சி, இவற்றுக்குத் திரையே தகுந்த துணை. கைக்கு எட்டுவதைக் கையாலும், எட்டாததைத் திரையாலும் கற்பிப்பது என்பதைப் பொது விதியாகக் கொள்ளலாம்.

இவ்விரண்டையும் ஒரே பாடத்தில் இணைக்கும் முறைக்கு ஓர் உதாரணம். கண்ணாடித் தம்ளர் ஒன்றின் உட்புறத்தில் ஈரமான தாளைச் சுற்றி, தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையே ஊறவைத்த பச்சைப் பயறு நான்கைப் பொருத்துக. ஒன்று நேராகவும், ஒன்று தலைகீழாகவும், மற்ற இரண்டும் பக்கவாட்டிலும் இருக்கட்டும். தலைகீழாக உள்ள விதையின் வேர் எத்திசையில் செல்லும் என்று மாணவர்களைக் கேட்டு, அவர்கள் கூறும் விடைகளைக் கரும்பலகையில் எழுதுக. நான்கைந்து நாட்களுக்கு நாள்தோறும் அவர்கள் பார்த்துப் படம் வரையட்டும். எல்லா வேர்களும் கீழ்நோக்கியே வளைந்திருப்பதைக் காண்பார்கள். ஆனால் வேர் வளையும் அச்செயலை ஒருவரும் கண்டிருக்கமாட்டார்கள். அது அவ்வளவு மெதுவானது. பல நாள் வளர்ச்சியை ஒரு நிமிடத்துக்குள் சுருக்கிக் காட்டும் படத்துக்கு இப்போதுதான் வேலை வருகிறது. படத்தை ஓடவிட்டு, வேர் வளையத் தொடங்கும் முன் நிறுத்தி, "இனி என்ன நிகழும்?" என்று கேட்டுவிட்டுத் தொடர்க.

'வேர் ஏன் கீழ்நோக்கிச் செல்கிறது?' என்று ஒரு மாணவி கேட்கக்கூடும். இன்று கைப்பேசியிலுள்ள செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால், வேர்நுனி உயிரணுக்களிலுள்ள மாவுமணிகள் புவியீர்ப்பினால் அடியில் படிவதையும், வேர் அதனால் திசை உணர்வதையும் அது நொடியில் சொல்லிவிடும். ஆயினும், அச்செயலி விடை சொல்லும் முன் ஆசிரியர் மற்றொரு கேள்வியைக் கேட்கலாம்: "தம்ளரைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் என்ன ஆகும்?" வேர் மீண்டும் கீழ்நோக்கித் திரும்புவதை இரண்டு நாட்களில் மாணவர்கள் தாங்களே கண்டறிவார்கள். அதன்பின் செயலியின் விடையைப் படித்துக் காட்டினால், அதனைத் தாம் கண்டதோடு ஒப்பிட்டுப் பார்க்கும் தகுதி அவர்களுக்கு ஏற்பட்டிருக்கும். மின்சாரம் தடைப்பட்ட நாளிலும் தம்ளர் சன்னலோரத்தில் இருக்கும், பாடம் நிற்காது.

அண்மைக் காலப் படிப்பினை

2017 செப்டம்பரில் தொடங்கப்பட்ட 'தீக்ஷா' தளத்தின் வாயிலாக, பாடநூலில் அச்சிட்ட கியூ.ஆர். குறியைக் கைப்பேசியால் படித்ததும் பாடப்படம் கிடைக்கிறது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, அத்தகைய தளங்கள் பேருதவி புரிந்தன. அதே ஆண்டு மே மாதம் அறிவிக்கப்பட்ட 'பி.எம். இ-வித்யா' திட்டத்தில், வகுப்புக்கு ஒன்றாக 12 டெலிவிஷன் அலைவரிசைகள் ஒதுக்கப்பட்டன. இவை பெரும் சாதனைகளே. எனினும், வீட்டில் ஒரே கைப்பேசி இருந்து அதையும் தந்தை வேலைக்கு எடுத்துச் சென்ற குடும்பத்தின் பிள்ளைக்கு, அக்காலத்தில் வகுப்பே இல்லாமற் போயிற்று. 2024-25-ல்கூட இணைய வசதி பெற்றிருந்த பள்ளிகள் நூற்றுக்குச் சுமார் 63 மட்டுமே. ஆகவே, கருவியின் துணையோடு பாடம் நடத்தும் ஆசிரியர், அக்கருவி எட்டாத பிள்ளை யார் என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். வீட்டுப்பாடத்தைக் கைப்பேசியில் மட்டும் அனுப்பாமல் கரும்பலகையிலும் எழுதிப்போடுவது சிறு செயல். அதனால் ஒரு பிள்ளை வகுப்போடு சேர்ந்தே நடக்கும்.

கள ஊழியர் கவனத்துக்கு

பள்ளிகளைப் பார்வையிடச் செல்லும் அலுவலர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. கருவிகளின் எண்ணிக்கையைப் பதிவேட்டில் சரிபார்ப்பதோடு பார்வை முடிந்துவிடுமானால், கருவி பழுதாகாமல் இருப்பதே ஆசிரியரின் கவலையாகிவிடும். அது பூட்டிய அறையில் உறையிட்டபடி பத்திரமாக இருக்கும். உபயோகத்தினால் தேய்ந்த கருவிக்கு விளக்கம் கேட்பதைவிட, உபயோகமின்றிப் புதிதாகவே இருக்கும் கருவிக்கு விளக்கம் கேட்பது நலம். பழுது ஏற்பட்டால் யாரிடம் தெரிவிப்பது, எத்தனை நாட்களில் சரிசெய்யப்படும் என்பதைத் தலைமையாசிரியர் அறையில் எழுதி ஒட்டச் செய்வது, புதிய கருவி ஒன்றை அனுப்புவதற்கு ஒப்பாகும்.

பயிற்சி பெறும் ஆசிரியருக்கும் சில குறிப்புகள்: படத்தை முந்திய நாளே இறக்கிவைத்து முழுவதும் பார்த்துவிடுக. கடைசி வரிசையில் அமர்ந்து, எழுத்து தெரிகிறதா, ஒலி கேட்கிறதா என்று சோதித்துக்கொள்க. எந்த இடத்தில் நிறுத்தி என்ன கேட்பது என்பதைப் பாடத் திட்டத்தில் முன்னதாகவே எழுதுக. அதற்குக் கீழே, மின்சாரம் இல்லாவிடில் எதைக் கொண்டு பாடம் நடத்துவது என்பதையும் ஒரு வரியில் குறிக்கலாம். வகுப்பு முடிந்த பின், 'படம் எப்படி இருந்தது?' என்று கேட்பதைவிட, 'இனி எதைச் செய்து பார்க்க விரும்புகிறீர்கள்?' என்று மாணவர்களைக் கேட்பது பயன் தரும். அவர்கள் சொல்லும் விடைகளை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தால், அடுத்த பாடத்துக்குத் தேவையான துணைக் கருவி எதுவென்பது அதிலிருந்தே தெரியவரும்.