கண்முன் இலையான் பறக்கிறதா?

ஐம்பது வயதைத் தாண்டிய எம்மவர் பலர், "கண்ணுக்கு முன்னால இலையான் பறக்கிற மாதிரிக் கிடக்கு, கையால தட்டினாலும் போகுதில்லை" என்று சொல்லக் கேட்கிறோம். வயது போனால் இதுவும் வரும்தானே என்று பிள்ளைகளுக்கும் சொல்லாமல் இருந்துவிடுவார்கள். பெரும்பாலும் இது ஆபத்தில்லாதது. ஆனால் சிலருக்கு ஒருநாள் தாமதமே பார்வையைப் பறித்துவிடலாம்.

கண்ணின் உட்புறத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை நிரப்பியிருப்பது கண்ணாடியுடனீர் எனப்படும் ஜெலி போன்ற பொருள். இதில் 98 வீதம் தண்ணீரே. மிகுதியில் மெல்லிய நார்கள் உண்டு. இளமையில் இது விழித்திரையோடு ஒட்டியிருக்கும். வயது ஏற இளகிச் சுருங்கி, விழித்திரையிலிருந்து கழன்றுவிடும். நாம் காணும் இலையானும் சிலந்திவலையும் அந்த நார்களின் நிழல்களே. கழலும்போது விழித்திரை இழுபடுவதால், கண்ணின் ஓரத்தில் மின்னல் வெட்டுவது போலவும் தெரியும்.

இதனால் விழித்திரையின் வடிவம் மாறுமா? ஜெலி சுத்தமாகக் கழன்றால் மாறாது. ஆனால் விழித்திரையின் நடுவில், வாசிக்க உதவும் இடத்தில் ஒரு சிறு குழி உண்டு. ஜெலி அங்கே மட்டும் விடாமல் ஒட்டி நின்றால், குழியை இழுத்து மேடாக்கிவிடும். அப்போது எழுத்து வரிகளும் கதவு நிலையும் வளைந்து தெரியும். ஓசிடி என்னும் ஸ்கான் படத்தில் இதைத் தெளிவாகக் காணலாம். சிலருக்குப் பிடி தானாகவே விடுபட்டு, குழி பழைய வடிவுக்குத் திரும்பும். வேறு சிலருக்கு அவ்விடத்தில் துளை விழுந்து, சத்திரசிகிச்சை தேவைப்படும்.

இதைவிட அவசரமானது கிழிவு. புதிதாக இந்த அறிகுறிகள் வந்தவர்களில் ஏறத்தாழ பத்துப் பேரில் ஒருவருக்கு, இழுவையால் விழித்திரை கிழிகிறது. கிழிவினூடாக நீர் புகுந்தால், சுவரில் ஒட்டிய கடதாசி உரிவது போல விழித்திரை உரிந்துவிடும். உரியுமுன் கண்டுபிடித்தால் லேசர் சிகிச்சையே பெரும்பாலும் போதும்.

உடனே வைத்தியரிடம் செல்ல வேண்டியது எப்போது?

• புள்ளிகள் திடீரெனப் பெருகினால்
• புதிதாக மின்னல் தெரிந்தால்
• ஓரத்தில் கறுப்புத் திரை விழுவது போலிருந்தால்
• பார்வை திடீரென மங்கினால் அல்லது கோடுகள் வளைந்து தெரிந்தால்

கிட்டப்பார்வை உள்ளவர்களும், கண்புரைச் சத்திரசிகிச்சை செய்தவர்களும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கண்மணியை விரிக்கும் மருந்து விட்டே பரிசோதிப்பார்கள்; ஆகவே நீங்களே கார் ஓட்டிச் செல்லாதீர்கள். மொழி தெரியாதென்று தயங்காமல், உரைபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள். சனிக்கிழமை மகன் வரட்டும், மகள் வரட்டும் என்று மட்டும் காத்திருக்க வேண்டாம்.