தொன்மமும் தொன்மையும்: சொற்பொருள் விளக்கம்

‘தொல்’ எனும் அடியிலிருந்து பிறந்தவை தொன்மை, தொன்மம் ஆகிய இரு சொற்கள். இவற்றுள் தொன்மை பழஞ்சொல். தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் எண்வகை வனப்புகளுள் அதுவும் ஒன்று. உரையோடு பொருந்திப் பழமையான நிகழ்வுகள்மேல் வருவது அதன் இலக்கணம். இருபதாம் நூற்றாண்டுத் திறனாய்வாளர், ஒரு சமுதாயம் தன் தோற்றத்தையும் நம்பிக்கையையும் விளக்கிக்கொள்ளும் பழங்கதையைத் ‘தொன்மம்’ எனும் கலைச்சொல்லால் குறித்தனர். பொய் என்பது இதன் பொருளன்று. எனினும் வரலாறும் அன்று.

பெயரடையாக வருமிடத்து இவ்வேறுபாடு தெளிவாகப் புலப்படும். ‘தொன்மையான கோயில்’ என்பது காலத்தைச் சுட்டும். ‘தொன்மப் பறவை’ என்பது கதைமரபைச் சுட்டும்.

பினாங்கு மாணவர்க்கு இதனை அண்டை மாநிலமாகிய கெடாவைக் கொண்டு விளக்கலாம். ஜேம்ஸ் லோ 1849இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘மேரோங் மகாவங்சா’ எனும் மலாய் நூலில் வரும் கருடனும் கோரைப்பல் அரசனும் தொன்மத்தின்பாற்படுவர். கடாரமோ அத்தகையதன்று. முதலாம் இராசேந்திரன் அதனை வென்றமையை அவனது மெய்க்கீர்த்தி கூறுகிறது. பூஜாங் பள்ளத்தாக்கின் கட்டட எச்சங்கள் கெடாவின் தொன்மைக்குச் சான்றாகின்றன.

அவ்வெச்சங்களுள் ஒன்றான பதினொன்றாம் எண் சண்டி, நில மேம்பாட்டுப் பணியில் இடிக்கப்பட்ட செய்தி 2013இல் வெளிவந்தது. தொன்மத்தை இடிக்க இயலாது; தொன்மையை இடிக்கலாம். இவ்விரு சொற்களையும் மயங்காமல் கற்பித்தல், காக்க வேண்டியது எது என்பதை மாணவர்க்கு உணர்த்துவதாகும்.