நானூறு கிராம் கூரை

மார்கழி விடியலில் வாசலில் நிற்கும் வண்டியின் சீட் நனைந்து கிடக்கும். பக்கத்திலேயே, சுவரில்லாத தகரக் கொட்டகையில் நிறுத்திய வண்டியின் சீட்டைத் தொட்டுப் பாருங்கள், காய்ந்திருக்கும். இரண்டும் ஒரே காற்றில்தான் இரவைக் கழித்தன. “தலையில பனி இறங்கும், உள்ள வந்து படு” என்று வீட்டுப் பெரியவர்கள் அதட்டுவார்கள். ஆனால் பனித்துளி மேலிருந்து இறங்குவதில்லை. சீட், புல், நம் உடம்பு எல்லாமே இரவு முழுக்கத் தம் சூட்டை அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கின்றன. மேகம் இருந்தால் அதில் ஒரு பங்கு திரும்பி வரும். தெளிந்த வானமென்றால் திரும்புவது குறைவு. அப்படிக் காற்றைவிடக் குளிர்ந்துவிட்ட பரப்பில், காற்றிலுள்ள ஈரம் துளியாகப் படிகிறது. மேலே ஒரு மறைப்பு இருந்துவிட்டால் இந்த இழப்பு பெருமளவு குறைந்துவிடும்.

லண்டனில் மருத்துவராக இருந்த வில்லியம் சார்லஸ் வெல்ஸ் இதை ஒரு கைக்குட்டையை வைத்தே காட்டினார். தோட்டக்காரர்கள் இளஞ்செடிகளுக்கு மேல் மெல்லிய பாய் விரிப்பதைப் பார்த்து, இதனால் என்ன ஆகிவிடப் போகிறது என்று முதலில் எண்ணியவர் அவர். பிறகு புல்தரையில் நான்கு குச்சிகளை நட்டு, அரை அடி உயரத்தில், இரண்டடிச் சதுரத்தில், மெல்லிய துணியொன்றை இழுத்துக் கட்டினார். நாலாபுறமும் திறப்புதான். ஆனாலும் துணிக்குக் கீழிருந்த புல், வெட்டவெளிப் புல்லைவிட ஓர் இரவில் 8 டிகிரி பாரன்ஹீட் வெதுவெதுப்பாக இருந்தது. நம் கணக்கில் நான்கு டிகிரி செல்சியஸுக்கும் மேல். 1814-இல் இந்தச் சோதனைகளை அவர் நூலாக வெளியிட்டார். ஊட்டிப் பூங்காவில் உறைபனிக் காலத்தில் மலர்ச்செடிகளைப் போர்த்தி வைப்பதும் இதே கணக்குதான்.

அந்தக் கைக்குட்டையைப் பெரிதாக்கினால், ராக்கி மலைக் காடுகளில் தங்குபவர்கள் கட்டும் தார்ப்பாய்க் கூரை வந்துவிடும். கொலராடோ, ஐடஹோ, மொன்டானா மாநிலங்களில் செப்டம்பரில் எல்க் மான் வேட்டைக்கு உரிமம் பெற்றுப் போகும் வில்லாளிகள், சாலையை விட்டுப் பல மைல் நடந்து, நாள்கணக்கில் தங்குவார்கள். வேட்டை கிடைத்தால் எலும்பு நீக்கிய பிறகும் 80 முதல் 100 கிலோ இறைச்சி தேறும். அதைப் பல நடையாக முதுகில் சுமந்தே இறக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு கிராமையும் எண்ணித்தான் மூட்டை கட்டுகிறார்கள். எட்டுக்குப் பத்தடி அளவில், பழைய கித்தான் துணி இரண்டரைக் கிலோ வரும். சிலிக்கோன் ஊறிய நைலான் துணி, கயிற்றோடு சேர்த்தே 400 கிராம் போல. தொங்கவிட்ட இறைச்சிக்கு மறுநாள் நிழல் தருவதும் அதே துணிதான். வெயிலும் மழையும் படாமல், பக்கவாட்டுக் காற்று இறைச்சியை ஆற்றும்.

(இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருக்கிறது. எனக்கு அதில் முழு உடன்பாடு. கூரையின் அறிவியலோ மலையில் படுக்கும் எவருக்கும் பொது.)

இந்த நைலான் இழை எவ்வளவு மெல்லியது தெரியுமா? 30 டெனியர் என்பார்கள்: ஒன்பது கிலோமீட்டர் நீள இழை 30 கிராம்தான் இருக்கும்! துணியை உற்றுப் பார்த்தால் சின்னச் சின்னக் கட்டங்கள் தெரியும். அவை இடையிடையே ஓடும் தடித்த இழைகள். கிழிசல் விழுந்தால் அடுத்த கட்டத்தைத் தாண்டவிடாமல் பிடித்துக்கொள்ளும். ஆனால் நைலானுக்கு ஒரு குணம் உண்டு: ஈரம் பட்டால் நீளும். மாலையில் முரசுத்தோல் போல இழுத்துக் கட்டியது நள்ளிரவு மழையில் தொய்ந்து, நடுவே நீர் குளம் கட்டும். அதனால்தான் அனுபவசாலிகள் கயிற்றின் மேல் நகர்த்தக்கூடிய, இழுத்தால் இறுகிக்கொள்ளும் முடிச்சைப் போடுகிறார்கள். படுத்தபடியே கை நீட்டி அதை நகர்த்தினால் போதும்.

மூடிய கூடாரம் இதைவிட மேல் அல்லவா என்று கேட்கலாம். தூங்கும் ஒருவரின் மூச்சிலும் தோலிலுமாக ஓர் இரவில் ஏறத்தாழ கால் லிட்டர் நீர் ஆவியாகிறது. மூடிய கூடாரத்தில் அது வெளியேற வழியின்றி உட்புறத் துணியில் படிந்து, காலையில் நம் மேலேயே சொட்டும். பக்கம் திறந்த தார்ப்பாயில் காற்றோட்டம் அதைக் கொண்டுபோய்விடும்.

துணியைவிட முக்கியம் இடம். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஓடைக்கரைப் புல்வெளி கண்ணுக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் இரவில் அதுதான் கடுங்குளிர். சற்று மேலே, மரங்களுக்கு இடையே கட்டினால் மரக்கிளைகளும் வானத்தை மறைக்கும். விழக்கூடிய பட்டமரமோ காய்ந்த கிளையோ மேலே இருக்கிறதா என்று மட்டும் முதலில் அண்ணாந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

காற்றின் வேகம் இருமடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். எனவே காற்று வரும் பக்கத்தைத் தரையோடு தாழ்த்திக் கட்டுவார்கள். எதிரெதிர் மூலைகள் இரண்டை உயர்த்தி மற்ற இரண்டைத் தாழ்த்தினால், துணி குதிரைச் சேணம் போல இரு திசையிலும் வளைந்து விறைப்பாக நிற்கும், படபடக்காது. ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் ஃப்ரை ஓட்டோ 1955-இல் காசல் நகரில் அமைத்த இசைப் பந்தல் இந்த வடிவம்தான். அதே ஆண்டு அமெரிக்காவில் எம்மா கேட்வுட் என்ற 67 வயதுப் பாட்டி, குளியலறைத் திரை ஒன்றைக் கூரையாக எடுத்துக்கொண்டு, மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேலான அப்பலாச்சியன் பாதையைத் தனியாக நடந்து முடித்தார்.

கொசு மொய்க்கும் இடத்துக்கும், மரமே இல்லாத உச்சிக்கும், பனிப்புயலுக்கும் தார்ப்பாய் சரிவராது. அங்கே கூடாரம்தான் வேண்டும்.

வரும் தை மாதத்தில், மேகமில்லாத ஓர் இரவில், மொட்டை மாடியில் பழைய வேட்டியொன்றை நான்கு கழிகளில் அரை அடி உயரத்தில் கட்டுங்கள். பலகை மேல் ஒரு பிளாஸ்டிக் தட்டை அதன் கீழேயும், அதேபோல் இன்னொன்றை வெளியேயும் வையுங்கள். எவர்சில்வர் வேண்டாம், பளபளக்கும் உலோகம் சூட்டை எளிதில் கதிராக விடாது. விடிந்ததும் குழந்தைகளை எழுப்பி, இரண்டு தட்டையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.