மாற்றிய மூட்டில் மறுபடியும் நோவா? பொறுத்திருக்க வேண்டாம்

வுச்சீரியாவின் கல்லுத் தரை ஒருநாளும் காயாது என்று பேர். நடக்கவே நடக்காத காரியத்தைப் பலெர்மோக்காரர் "வுச்சீரியாக் கல் காயும்போது நடக்கும்" என்பார்கள். மீன்கடைகள் இப்போது குறைந்துவிட்டன. ஆனால் தேய்ந்து வழுக்கும் கல்லும், லிப்ற் இல்லாத பழைய வீடுகளின் படிகளும் அப்படியே இருக்கின்றன. ஊரிலோ கொழும்பிலோ இந்தியாவிலோ இடுப்பு மூட்டு, முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்டு இங்கு வந்து சேரும் எமது பெரியவர்களுக்கு இந்தப் படிகள் பெரும் சோதனை. அவர்கள் "திரும்பவும் நோகுது" என்று சொன்னால், "வயசு போனால் நோகத்தானே செய்யும்" என்று நாம் தட்டிக் கழிக்கக்கூடாது. வைத்த மூட்டு பழுதாகியிருக்கலாம்.

செயற்கை மூட்டு நெடுங்காலம் உழைக்கும். 2019இல் வெளியான பெரிய ஆய்வொன்றின்படி, 25 வருடம் சென்ற பின்னும் இடுப்பு மூட்டுகளில் 100க்கு 58உம், முழங்கால் மூட்டுகளில் 82உம் நிலைத்திருந்தன. மற்றவை மாற்றப்பட வேண்டியிருந்தன. மறுபடி மாற்றுவது புதிய விசயமும் அல்ல. இங்கிலாந்தின் வைத்தியர் ஜோன் சார்ன்லி முதலில் தெப்லோனில் செய்து வைத்த இடுப்புக் குழிகள் சில வருடங்களிலேயே தேய்ந்துபோயின. நூற்றுக்கணக்கானோருக்கு அவரே திரும்பவும் சத்திரசிகிச்சை செய்ய நேர்ந்தது. 1962இல் வேறொரு பிளாஸ்ரிக்கைக் கொண்டு அவர் செய்த மூட்டுத்தான் பிறகு உலகமெங்கும் பரவியது.

மூட்டு ஏன் பழுதாகிறது? மெஷினில் நிற்கிற எங்களுக்கு இது சுலபமாக விளங்கும். இரண்டு பாகம் உராய்ந்தால் தூள் விழும். மூட்டில் விழும் தூளை எதிர்த்து உடம்பு போராடும்போது பக்கத்து எலும்பு கரைகிறது, மூட்டு ஆட்டம் காண்கிறது. கிருமி தொற்றுவது, மூட்டு கழன்றுபோவது, விழுந்து எலும்பு முறிவது மற்றக் காரணங்கள்.

இருந்து எழும்பி முதல் அடி வைக்கும்போது தொடையில் அல்லது கவட்டில் நோவு, கால் கட்டையானது போன்ற உணர்வு, வீக்கம், காய்ச்சல், பழைய காயத்திலிருந்து நீர் வடிதல் - இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் அன்ரிபயோட்டிக்கைக் கொடுக்காதீர்கள். மூட்டு நீரை எடுத்துச் சோதிக்கும்போது கிருமி அகப்படாமல் போய்விடும்.

இரண்டாவது சத்திரசிகிச்சை முதலாவதை விடக் கடினம். பழைய மூட்டைக் கழற்ற வேண்டும், குறைந்துபோன எலும்பை ஈடுசெய்ய வேண்டும். கிருமி இருந்தால் பல தடவை இரண்டு கட்டமாகச் செய்வார்கள்: முதலில் மூட்டை எடுத்துவிட்டு மருந்து கலந்த சீமெந்தை வைப்பார்கள், கிருமி அடங்கிய பிறகு புது மூட்டைப் பூட்டுவார்கள். நாள் கடத்தினால் எலும்பு இன்னும் கரையும், வேலையும் கூடும்.

வைத்தியருக்குப் பெரிதும் உதவுவது முதற் சத்திரசிகிச்சையின் கடதாசி. எந்தக் கம்பனி மூட்டு, என்ன அளவு என்ற ஸ்ரிக்கர் அதில் ஒட்டியிருக்கும். அது இல்லாததால் வந்த வினையை இந்தியாவில் கண்டோம். ஜோன்சன் அன்ட் ஜோன்சனைச் சேர்ந்த டிப்யூ நிறுவனம், உலோகத்தோடு உலோகம் உராயும் தனது ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டை 2010 ஓகஸ்ற்றில் உலகமெங்கும் திருப்பி அழைத்தது. இந்தியாவில் சுமார் 4,700 சத்திரசிகிச்சைகளில் அது வைக்கப்பட்டிருந்தது. 2018இல் அரசின் நிபுணர் குழுவின் அறிக்கை வெளிவந்தபோதும், அவர்களில் பெரும்பாலானோர் எங்கே என்று தெரியவில்லை. தன் உடம்பில் இருப்பது எந்த மூட்டு என்று தெரியாதவருக்கு எச்சரிக்கை போய்ச் சேராது, நட்டஈடும் போய்ச் சேராது.

கடதாசியின் அருமை அகதிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஊர் ஆஸ்பத்திரியில் பிரதி எடுக்க முடிந்தால் உறவினர் மூலம் எடுப்பியுங்கள். யுத்தத்தில் தொலைந்திருந்தால் பழைய எக்ஸ்றேயாவது தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் பயந்து நிற்க வேண்டாம். புது எக்ஸ்றேயைப் பார்த்தும் வைத்தியர்கள் ஓரளவு அடையாளம் காண்பார்கள்.

இத்தாலியில் முதலில் குடும்ப வைத்தியரிடம், அதாவது மெடிகோ டி பாசேயிடம் போய், எலும்பு வைத்தியரிடம் அனுப்பும் கடிதம் வாங்குங்கள். விசா இல்லாதவர்களுக்கும் அவசியமான சிகிச்சை பெற 1998ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. அவர்கள் எஸ்.டி.பி. இலக்கம் கேட்க வேண்டும். பொலோஞ்ஞாவின் பேர்பெற்ற ரிஸ்ஸோலி எலும்பு வைத்தியசாலை 2012இல் பலெர்மோவுக்குப் பக்கத்திலுள்ள பகேரியாவில் ஒரு பிரிவைத் தொடங்கியது. அங்கு அனுப்ப முடியுமா என்று வைத்தியரிடமே கேட்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிப்போகாமல், மொழி தெரிந்த பெரியவர் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.

இங்கு சத்திரசிகிச்சை முடிந்ததும் மூட்டின் விபரம் எழுதிய காட்டைக் கேட்டு வாங்குங்கள். 2021 மே முதல் ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி அது உங்களுக்குத் தரப்பட வேண்டியது. கார்த்தெல்லா கிளினிகா என்ற முழுப் பதிவின் பிரதியையும் எழுதிக் கேளுங்கள். 2017ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு ஏழு நாள் தவணை வைத்தது. இரண்டையும் கடவுச்சீட்டோடு சேர்த்து வையுங்கள். அவை எங்கே இருக்கின்றன என்று பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.