ஆழ்கடற் பாரைக்குத் தூண்டில்: படகு பேசுமுன் சில கேள்விகள்

எஹலியகொடைக்குக் கடல் கிடையாது. நம் ஊருக்கு வாய்த்தவை இரத்தினக்கல் குழிகளும், இறப்பர் மரங்களும், ஓயாத மழையுந்தான். கடல் நம்மைத் தேடி வருவது மோட்டார் சைக்கிளின் பின்னே கட்டிய பெட்டியில். காலையிலே ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்து, லயத்து வாசலிலும் பஸார்த் தெருவிலும் சற்று நின்று, பலயாவையும் கெலவல்லாவையும் துண்டு போட்டு விற்றுவிட்டு, வெயில் ஏறுமுன் மறைந்துவிடும். ஆயினும் கடலின்மீது மோகம் கொண்டவர்கள் கரையோரத்தாரை விட மலையடிவாரத்தாரே என்பது நமது கருத்து. நித்தம் கண்ட பொருளில் மோகம் பிறப்பதில்லையன்றோ?

அண்மைக் காலத்தில் இந்த மோகம் ஒரு புதிய வடிவம் எடுத்திருக்கிறது. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு வான் பிடித்து, நீர்கொழும்புக்கோ பேருவளைக்கோ திருகோணமலைக்கோ சென்று, வழிகாட்டியோடு படகொன்றை அமர்த்தி, ஆழ்கடலில் ஒரு நாள் தூண்டில் போட்டுத் திரும்புகிறார்கள். மாணவர்கள் கைத்தொலைபேசியில் படம் காட்டுகிறார்கள். ஒருவர் இரு கைகளாலும் தாங்க மாட்டாமல் தாங்கிக்கொண்டு நிற்கும் பெரிய மீன். "சேர், இதுதான் அம்பர்ஜாக். இதைப் பிடிக்க எங்கே போக வேண்டும்?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் "எங்கே" என்பதற்கு முன் "எப்போது", "எந்த முறையில்", "யாருடைய பொறுப்பில்" என்ற மூன்று கேள்விகள் இருக்கின்றன. பணம் கட்டிய பின்னர் அவற்றைக் கேட்டுப் பயனில்லை.

முதலில் மீனைப் பார்ப்போம். அம்பர்ஜாக் நமக்கு அந்நியமான குலத்தைச் சேர்ந்ததன்று. நம் பாரை மீனின் குடும்பத்ததே. சிங்களத்தில் 'பராவ்' என்று விற்கிறார்களே, அந்தக் கூட்டத்து உறவு. வாலருகே ஒடுங்கி நடுவே திரண்ட உடல். கண்ணிலிருந்து வாலை நோக்கி, குங்கிலியம் போன்ற மஞ்சள் நிறத்தில் ஒரு கோடு ஓடும். அம்பர் என்ற பெயர் அந்த நிறத்தால் வந்தது. வாயோரத்திலிருந்து கண் வழியாகப் பிடரிக்கு ஏறும் கரும்பட்டை இன்னொன்று உண்டு. முன்னாலிருந்து நோக்கினால் இரு பக்கத்துப் பட்டைகளும் ஜப்பானிய எழுத்தில் எட்டு என்ற எண்ணைப் போலத் தோன்றுமாம். அதனாலேயே ஜப்பானியர் இதற்குக் 'கன்பாச்சி' என்று பெயரிட்டனர். அந்நாட்டில் இது விலையுயர்ந்த மீன். இவ்வினத்தில் மிகப் பெரியது 80 கிலோ வரை வளரும். சிறு பருவத்தில் மிதக்கும் பாசிக்கும் கட்டைக்கும் அடியில் ஒளிந்து வாழ்ந்து, வளர்ந்ததும் ஆழத்துப் பார்களுக்கு இறங்கிவிடும். பார் என்று நம் மீனவர் சொல்வது கடலடிக் கற்பாறைத் திட்டை.

இந்த இறக்கந்தான் நம் கதைக்கு முக்கியம். அம்பர்ஜாக் கடல் முழுவதும் பரந்து திரிவதில்லை. பெரும்பாலும் 20 மீற்றர் முதல் 70 மீற்றர் வரை ஆழத்திலும், சில வேளை அதனினும் மிக ஆழத்திலும், பாரையோ மூழ்கிய கப்பலையோ ஒட்டியே நிற்கும். இலங்கையைச் சுற்றியுள்ள கண்டமேடை மிகக் குறுகியது; சராசரி அகலம் 20 கிலோமீற்றர் அளவுதான். அதற்கப்பால் கடலடி சட்டென்று பாதாளத்தில் விழுகிறது. திருகோணமலையிலோ குடாவின் வாயிலேயே ஆழப் பள்ளத்தாக்கு ஆரம்பமாகிறது. ஆகவே நம் நாட்டில் இம்மீனைத் தேடி நாட்கணக்காக ஓட வேண்டியதில்லை. ஆனால் எந்தப் பார் எங்கே இருக்கிறது என்பதை அறிந்த மாலுமி வேண்டும். வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் அந்த அறிவுக்காகவே.

மூழ்கிய கப்பல் என்றதும் மட்டக்களப்பு நினைவுக்கு வருகிறது. 1942 ஏப்ரல் 9ஆந் திகதி ஜப்பானிய விமானங்களால் தாக்குண்டு, பிரித்தானியரின் ஹேர்மிஸ் என்னும் கப்பல் அக்கரைக்கு அப்பால் மூழ்கியது. விமானந்தாங்கிக் கப்பலாகவே திட்டமிட்டு வரையப்பட்ட உலகின் முதற் கப்பல் அது. அன்று அதிலிருந்த 307 பேர் மாண்டனர். 50 மீற்றருக்குச் சற்று மேற்பட்ட ஆழத்தில் இன்றும் அது கிடக்கிறது. இரும்பெல்லாம் பவளமும் பாசியும் போர்த்து, பாரைகளுக்கும் கலவாய்களுக்கும் வீடாகிவிட்டது. மனிதரின் கல்லறை மீனின் மாளிகையாயிற்று. அங்கே தூண்டில் போடலாமா என்று நம்மைக் கேட்டால், வேறு பார்கள் எத்தனையோ இருக்கின்றன என்றே சொல்வோம்.

இப்போது படகு பேசும் விஷயத்துக்கு வருவோம். "என்ன மீன் வேண்டும், மாஸ்டர்?" என்று கேட்கிற படகுக்காரர் நல்லவர். கேட்காமலே "ஆழ்கடல் மீன்பிடி, அரை நாள், இவ்வளவு ரூபாய்" என்று விலை சொல்பவரிடம் நாமாகவே கேட்க வேண்டும். ஏனெனில் ஆழ்கடல் மீன்பிடி என்ற பெயரில் பெரும்பாலும் நடப்பது, ஓடுகிற படகின் பின்னே தூண்டில்களை இழுத்துக்கொண்டு போவதாகும். அதில் கெலவல்லா கிடைக்கும், தோரா கிடைக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் தளப்பத்தும் துள்ளும். அவையெல்லாம் மேல்நீரில் வேகமாக ஓடுகிற மீன்கள். கீழே பாரைச் சுற்றி நிற்கும் அம்பர்ஜாக்கோ நம் தூண்டில் தலைக்கு மேலே போனதையே அறியாது. படகு கடலுக்குத்தான் போயிற்று, தூண்டிலும் ஆடிற்று, பணமும் தீர்ந்தது. தேடிய மீனை மட்டும் காணோம்! இதில் படகுக்காரர் ஏமாற்றவில்லை. நாம் கேட்டதைத்தான் கொடுத்தார்.

ஆகவே மீனின் பெயரைச் சொல்லி, கூடுமானால் படத்தையும் காட்டி, "பாருக்கு மேலே படகை நிறுத்தி அடியில் தூண்டில் இறக்குவீர்களா?" என்று கேட்பதே முறை. அதற்கு இரண்டு வழிகள் உள்ளன. உயிருள்ள சிறு மீனையோ கணவாயையோ கோத்து இறக்குவது ஒன்று. 'ஜிக்' எனப்படும் கனத்த உலோக மீனை அடிமட்டம் வரை விட்டு, வெட்டி வெட்டி மேலே இழுப்பது மற்றது. இரண்டாவது முறை தோளுக்குப் பெரும் வேலை. அரை மணி நேரம் செய்தவர்க்கு இறப்பர்த் தோட்டத்து ஏற்றம் இலேசாகத் தோன்றும். ஆழத்தையும் மீன்கூட்டத்தையும் காட்டும் எதிரொலிக் கருவி படகில் உண்டா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடலாம். அது இல்லாத படகில் பாரைக் கண்டு நிற்பதற்கு மாலுமியின் நினைவு ஒன்றே துணை. பழைய மாலுமியாயின் அதுவும் போதும்.

பருவத்தைப் பற்றி நம் ஊராருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எஹலியகொடையில் பால் வெட்ட விடாமல் மழை கொட்டுகிற வைகாசி, ஆனி மாதங்களை நினைத்துக் கொள்ளுங்கள். அதே சோளகக் காற்றுத்தான் மேற்குக் கரையிலும் தென்கரையிலும் கடலைக் கலக்கிவிடுகிறது. அக்காலத்தில் கிழக்கே திருகோணமலைக் கடல் தெளிந்து கிடக்கும். வாடைக் காற்றுக் காலத்தில் நிலைமை மாறிவிடும். பொதுவாக நவம்பர் முதல் ஏப்ரல் வரை நீர்கொழும்பு, பேருவளை, மிரிஸ்ஸப் பக்கமும், மே முதல் செப்டெம்பர் வரை திருகோணமலைப் பக்கமும் ஏற்றவை. ஆகவே ஆகஸ்ட் விடுமுறை என்றால் கிழக்கு, டிசெம்பர் விடுமுறை என்றால் மேற்கு. இதை மாற்றிச் சொல்லி, "எந்த மாதமும் வரலாம், மீன் நிச்சயம்" என்பவரிடம் முற்பணம் கட்டுவது நம் இஷ்டம். திரும்பப் பெறுவது அவர் இஷ்டம்!

இங்கே சற்று நின்று ஒரு துயரச் சம்பவத்தை நினைவுகூர வேண்டும். 2013ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில், சோளகம் தலைகாட்டிய வேளையில், மேற்கு, தென்மேற்குக் கரைகளிலிருந்து தொழிலுக்குச் சென்ற மீனவர்கள் திடீரென்று எழுந்த கடுங்காற்றில் சிக்கினர். பல பத்துப் பேர் திரும்பவில்லை. அவர்கள் கடலிலே பிறந்து வளர்ந்தவர்கள். அலையின் நிறத்தைப் பார்த்தே காற்றைச் சொல்லக் கூடியவர்கள். அத்தகையோர்க்கே அக்கதி நேர்ந்ததென்றால், குளத்தில்கூட நீந்தப் பழகாத மலையடிவாரக் குடும்பம் எவ்வளவு எச்சரிக்கையாயிருக்க வேண்டும்? வளிமண்டலவியல் திணைக்களம் மீனவர்க்கென்று அறிக்கை வெளியிடுகிறது. புறப்படும் நாளுக்கு முதல்நாள் மாலையும் அன்று விடியற்காலையும் அதனைப் பார்த்தே தீர வேண்டும். காற்று மோசமென்றால் படகுக்காரர் தாமாகவே பயணத்தை நிறுத்துவாரா, நிறுத்தினால் முற்பணம் திரும்புமா அல்லது வேறு நாள் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. பணம் போய்விடுமே என்ற பயத்தால் கடலில் இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயத்தை முதலிலேயே அகற்றிவிடுவதற்குத்தான் இந்த எழுத்து.

படகின் பக்கத்தில் ஆங்கில எழுத்துகளும் இலக்கமும் தீட்டியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். ஓ.எப்.ஆர்.பி. என்று தொடங்குவது வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகு; ஐ.எம்.யு.எல். என்றால் பல நாள் கடலில் தங்கும் பெரிய படகு. இவை கடற்றொழில் திணைக்களம் தருகின்ற மீன்பிடிப் பதிவுகள். மீன் பிடிக்கப் பதிவு பெற்றிருப்பது ஒன்று. சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்ல அனுமதி பெற்றிருப்பது வேறொன்று. இரண்டாவதைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. காப்புறுதி உண்டா என்பதும் அதனோடு சேர்ந்த கேள்வி. உயிர்காப்பு அங்கி ஆளுக்கொன்று இருக்கிறதா, பிள்ளைகளுக்குச் சிறிய அளவில் இருக்கிறதா, கரையோடு பேச வானொலிக் கருவி இருக்கிறதா, ஓர் இயந்திரம் நின்றால் மற்றொன்று இருக்கிறதா என்பவற்றைத் துறைக்குப் போய்க் கேட்பதைவிடத் தொலைபேசியிலே கேட்பது உத்தமம். துறைக்குப் போய்விட்டால், பிள்ளைகள் படகில் ஏறி அமர்ந்துவிடுவார்கள். பிறகு எந்தத் தந்தைக்கும் "இறங்குங்கள்" என்று சொல்ல வாய் வராது.

எல்லாக் கடலிலும் தூண்டில் போட முடியாது. நிலாவெளிக்கு முன்னேயுள்ள புறாமலை 2003ஆம் ஆண்டிலும், ஹிக்கடுவைப் பவளப் பகுதி 2002ஆம் ஆண்டிலும் தேசிய பூங்காக்களாயின. கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பெரும் பவளப்பார் 1992 முதல் சரணாலயம். ஆமை, ஓங்கில், திமிங்கிலம் ஆகியவற்றைத் தொடக்கூடாது. நீண்ட வாலையுடைய கசைவாற் சுறாவைப் பிடிப்பது 2012 முதல் தடுக்கப்பட்டுள்ளது. நல்ல வழிகாட்டி இவற்றைத் தானே சொல்வார்.

தூண்டிலில் அம்பர்ஜாக் சிக்கினால் என்ன நேரும்? அது மேலே துள்ளாது; நேரே கீழே பாயும். பாரின் இடுக்கில் நுழைந்து, கூரிய கல்லில் நரம்பை உரசி அறுப்பதே அதன் உபாயம். அமெரிக்கத் தூண்டிற்காரர் இதன் பிடிவாதத்தைக் கண்டு, 'பார்க் கழுதை' என்ற பொருள்படச் செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். முதற் சில விநாடிகளில் கீழிறங்க விடாமல் தடுத்தவனுக்கே மீன். ஒன்று பிடிபட்டு மேலே வரும்போது அதன் தோழர்களும் கூடவே நீர்மட்டம் வரை தொடர்ந்து வருவதுண்டு. அந்நேரத்தில் இன்னும் நான்கைப் பிடிக்கலாமே என்று கை துடிக்கும். மெக்சிக்கோ வளைகுடாவில் அப்படித் துடித்த கைகளால் இம்மீன் அருகிப்போய், இன்று அமெரிக்க அரசாங்கம் பொழுதுபோக்காகப் பிடிப்போர்க்கு நாளொன்றுக்கு ஆளுக்கு ஒரே மீன் என்றும், 34 அங்குலத்துக்குக் குறைந்ததைத் திரும்ப விட வேண்டுமென்றும் கட்டளையிட்டிருக்கிறது. ஏறத்தாழ அந்த அளவுக்கு வளர்ந்த பின்னரே பெண் மீன் முட்டையிடும். அளவுக்குக் காரணம் அதுவே.

மாணவர்களை அழைத்துச் செல்வோர்க்கு இன்னொரு வார்த்தை. கடல் மயக்கம் வந்த பின் மாத்திரை விழுங்கிப் பயனில்லை. வைத்தியரைக் கேட்டு, புறப்படுமுன்னரே கொடுக்க வேண்டும். வெறும் வயிறும் ஆகாது, பொரித்த ரொட்டியும் ஆகாது. பாருக்கு மேலே நின்று ஆடும் படகு ஓடுகிற படகை விட அதிகமாகத் தலையைச் சுற்றச் செய்யும். முதற்பயணத்துக்கு அரை நாளே மிகுதி. படகில் எத்தனை பேர் என்று கேட்டு, தூண்டில் பிடிப்போர் நால்வருக்கு மேற்படாமல் வைத்துக்கொண்டால் நரம்புகள் ஒன்றோடொன்று சிக்கா.

கடைசியாக, பிடித்த மீன் யாருக்கு? பல இடங்களில் மீன் படகுக்காரருக்கே என்பது வழக்கம். சில இடங்களில் பாதி. சில இடங்களில் முழுவதும் நமக்கு. படகு பேசும்போதே இதைத் தீர்த்துக்கொள்ளாமல், பத்துக் கிலோ மீனைக் கரையில் வைத்துக்கொண்டு வாதாடுவது அழகன்று. நமக்கென்றால் பனிக்கட்டிப் பெட்டி நாமே கொண்டுபோக வேண்டும். நீர்கொழும்பிலிருந்து கொழும்பு நெரிசலைத் தாண்டி அவிசாவளை வழியாக எஹலியகொடை வந்து சேர எப்படியும் மூன்று மணி நேரமாகும். வெப்பக் கடல்களில் பார் மீன்களை உண்டு வாழும் மிகப் பெரிய மீன்களின் உடலில், சமைத்தாலும் அழியாத ஒருவகை நஞ்சு சேர்வதுண்டு. தலையிலும் ஈரலிலும் முட்டையிலும் அது மிகுதி. எனவே நடுத்தர மீனையே வீட்டுக்கு எடுத்து, தலையையும் குடலையும் துறையிலேயே நீக்கிவிடுவது மேல். சதை கெட்டியானது, கொறுக்காப்புளி போட்டு மிளகு தூக்கலாக வைத்த அம்புல் தியலுக்கு இசையும். மறுநாள் காலையில் ஹோர்ன் அடித்து வரும் மீன்காரருக்கும் ஒரு துண்டு கொடுத்துப் பாருங்கள். என்ன மீன் என்று அவர் சொல்லட்டும்.