லோடு இறக்கிய டேங்கர்: எச்சரிக்கைப் பலகையை எப்போது கழற்றலாம்?

2012 ஆகஸ்ட் 27 இரவு கண்ணூர் அருகே சாலாவில் சமையல் எரிவாயு டேங்கர் ஒன்று சாலைத் தடுப்பில் மோதிக் கவிழ்ந்தது. கசிந்த வாயு பக்கத்து வீடுகள்வரை பரவித் தீப்பற்றியதில் 20 பேர் இறந்தார்கள். பன்வேலில் தொடங்கி நம் கன்னியாகுமரியில் முடிகிற தேசிய நெடுஞ்சாலை 66-ல்தான் அந்த ஊர் இருக்கிறது. களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை வழியாக நாகர்கோவிலுக்கு வருவதும் அதே சாலைதான். 2025 ஜனவரி 3 அதிகாலை கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் 18 டன் எரிவாயுவோடு கவிழ்ந்த டேங்கரும் கொச்சியிலிருந்து வந்தது. நல்லவேளையாக அன்று தீப்பற்றவில்லை.

இரண்டும் லோடு வண்டிகள். லோடு வண்டி என்றால் ஒதுங்கிப் போகத் தெரிந்த நாம், இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டியை ஒரு பொருட்டாகவே நினைப்பதில்லை. ஓட்டுகிறவரும் அப்படித்தான் நினைக்கிறார், அதுதான் கவலை.

பெட்ரோல் ஆவி காற்றில் ஏறக்குறைய 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருக்கும்போதுதான் தீப்பிடிக்கும். நிறைந்த டேங்குக்குள் எரிவதற்குக் காற்று போதாது. இறக்கிய டேங்கில் அடியில் சில லிட்டர் தேங்கி நிற்கும், மேலே வெளிக்காற்று புகுந்திருக்கும். கலவை பொறிக்குக் காத்திருக்கும் பதத்துக்கு வந்துவிடும். வெயில் நேரத்தில் மேன்ஹோல் மூடியைத் திறந்தால் விளிம்பில் காற்று நெளிவது கண்ணுக்கே தெரியும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போகாமல் டேங்கின் உடம்போடு வழிந்து, டயர் பக்கம் இறங்கி, பட்டறைத் தரையில் படரும். வெல்டிங் பொறி விழுவதும் அதே தரையில்தான். "காலி வண்டிதானே, ஒரு சின்ன ஒட்டு" என்று பட்டறையில் நிறுத்துவது உயிரோடு விளையாடுவது. டேங்கைச் சுத்தம் செய்து ஆவி முழுவதும் போகும்வரை வெல்டிங் போன்ற சூட்டு வேலை கூடாது என்றும், அதுவரை மூடிகள் இறுக மூடியிருக்க வேண்டும் என்றும் பெட்ரோலிய விதிகள் 2002 சொல்கின்றன. போய்விட்டதா என்பதைக் கருவி வைத்துப் பார்க்க வேண்டும். மூக்கு சாட்சி ஆகாது.

இனி பலகை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 134-ம் விதிப்படி ஆபத்தான சரக்கு வண்டியின் இரண்டு பக்கத்திலும் பின்னாலும் அவசரத் தகவல் பலகை இருக்க வேண்டும். சரக்கின் சரியான பெயர், ஐ.நா. எண், 250 மில்லிமீட்டருக்குக் குறையாத சதுரத்தில் வகைச் சின்னம், விபத்தென்றால் அழைக்க வேண்டிய தொலைபேசி எண்கள் எல்லாம் அதில் வர வேண்டும். அந்தந்த ட்ரிப்பின் சரக்குக்கு ஏற்ற ஸ்டிக்கரும் ஒட்ட வேண்டும். சேறோ தார்ப்பாயோ அதை மறைக்கக் கூடாது.

எப்போது எடுக்கலாம்? இறக்கியதும் அல்ல. ஐரோப்பாவின் சாலைப் போக்குவரத்து ஒப்பந்தமும் அமெரிக்க விதியும் இதில் ஒரே பேச்சுதான்: டேங்கைக் கழுவி, ஆவியையும் வெளியேற்றிய பிறகே சின்னத்தை எடுக்கலாம். அதுவரை காலி டேங்கரும் லோடு வண்டியைப் போலவே பலகையோடு ஓட வேண்டும். நம் ஊரில் இதற்கு நேர்மாறான தப்பும் நடக்கிறது. பெயிண்டில் எழுதிய பழைய பெயர் அப்படியே இருக்க, உள்ளே வேறு சரக்கு ஓடுகிறது. வண்டி கவிழ்ந்தால் தீயணைப்புக்காரர் எதை நம்பி நுரையை எடுப்பார், எதை நம்பித் தண்ணீரை அடிப்பார்? பலகை இல்லாத வண்டியை விடப் பொய் சொல்லும் பலகையோடு வரும் வண்டி மோசம் என்பது என் கட்சி.

கழுவுவதற்காக உள்ளே இறங்குவது இதையெல்லாம் விடக் கொடியது. பெட்ரோல் டேங்க் மட்டும் என்று நினைக்க வேண்டாம். நம் மாவட்டம் ரப்பர் பூமி. ரப்பர் பால் கெடாமலிருக்க அம்மோனியா சேர்ப்பார்கள். மூடிய டேங்கில் அதன் நெடி தேங்கும், பால் அழுகினால் ஹைட்ரஜன் சல்பைடும் சேரும். கழிவுநீர் லாரியிலும் அதே வாயுதான். அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது, அடுத்தது மயக்கம். முதலில் இறங்கியவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து போவது இத்தகைய விபத்துகளின் வாடிக்கை. மூச்சுக் கருவியும் இடுப்புக் கயிறும் இல்லாமல், வெளியே ஒருவர் கயிற்றைப் பிடித்து நிற்காமல் இறங்கக் கூடாது. தகுதியான ஆள் சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும் என்பதை, 2025 வரை நடைமுறையில் இருந்த 1948-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் 36-ம் பிரிவே எழுதிவைத்திருந்தது. ஆசிட் வந்த டேங்கை ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினால் குளோரின் கிளம்பும் என்பதையும் கிளீனர் பையன்களுக்கு யாராவது சொல்லியாக வேண்டும்.

கழுவிய தண்ணீரைப் பழையாற்றிலோ புத்தனாற்றிலோ விடுவது 1974-ம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பார்த்தால் நாகர்கோவிலிலுள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.

சாப்பாட்டுக்கும் இதில் தொடர்பு உண்டு. நிலக்கரியிலிருந்து எடுத்த எரிபொருளை ஏற்றிய டேங்கர்கள் கழுவாமலேயே சமையல் எண்ணெய் ஏற்றிச் சென்றதை 2024 ஜூலையில் சீனப் பத்திரிகை ஒன்று வெளிக்கொண்டுவந்தபோது அந்த நாடே கொதித்தது. டேங்கரில் தேங்காய் எண்ணெயோ குடிதண்ணீரோ வாங்குகிறவர் "இதற்கு முன் இதில் என்ன ஏற்றினீர்கள்?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

ஓட்டுநர்களுக்கு: ஆபத்தான சரக்கு ஓட்ட மூன்று நாள் பயிற்சியும் உரிமத்தில் அதற்கான பதிவும் வேண்டும். சரக்கு விவரத்தை எழுத்தில் வாங்கி கேபினில் வைத்திருங்கள். கழுவிய இடத்திலும் எழுத்தில் சான்று கேளுங்கள். விதி மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ம் பிரிவில் ஓராண்டு வரை சிறை உண்டு. முதலாளி அவசரப்படுத்தினார் என்பது அங்கே எடுபடாது.

டேங்கர் விபத்தில் பாதிக்கப்பட்ட பொதுமக்கள், யார் தப்பு என்று நிரூபிக்காமலேயே பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் 1991-ன்கீழ் மாவட்ட ஆட்சியரிடம் நிவாரணம் கேட்கலாம். ஐந்து ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். தொழிலாளிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவருக்கு முதலாளியிடமிருந்து பெறும் இழப்பீடும் இ.எஸ்.ஐ. வழியும் தனியே இருக்கின்றன. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கூப்பிடலாம். தொழிற்சாலைத் தொழிலாளிக்கு வருமானம் பார்க்காமலே இலவச உதவி உண்டு.

சாலையில் டேங்கர் கவிழ்ந்து கிடந்தால், கசிவது பாலா எண்ணெயா என்று குடத்தோடு ஓடாதீர்கள். காற்று வீசி வரும் பக்கமாக விலகி நின்று, பீடி சிகரெட்டை அணைத்துவிட்டு, 112-க்குச் சொல்லுங்கள். தூரத்திலிருந்து படிக்க முடிந்தால் பலகையிலுள்ள நான்கு இலக்க எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1203 பெட்ரோல், 1075 சமையல் எரிவாயு, 1005 அம்மோனியா, 1789 ஹைட்ரோகுளோரிக் ஆசிட்.